துப்பாக்கிக் கட்டை எப்படி உடைந்தது

தம்பி, நீ கேட்ட துப்பாக்கி தயாராகிவிட்டது. போன மாதம் சவரிமுத்து மேஸ்திரியின் தச்சுப் பட்டறையிலிருந்து வாங்கி வந்து, பழைய வேட்டியில் சுற்றி, அம்மாவின் பீரோவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். போனில் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். "சூப்பர்ப்பா" என்று சொல்லி நீயும் வைத்திருப்பாய். ஆனால் சொல்ல வேண்டியது அது மட்டும் இல்லை. மற்றதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நேரில் சொல்லலாம் என்றால், கல்யாண வேலைக்கு நடுவே நீ வந்து நிற்கும் இரண்டு நாளில் பந்தல்காரன் வந்தான், சமையல்காரர் வந்தார் என்று ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாக நழுவிக்கொண்டே வந்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன். லைசன்ஸை உன் பெயருக்கு மாற்றும் காகிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு, அதற்கப்புறம் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று யோசி.

கும்பகோணத்தில் நிச்சயதார்த்தத்தன்று, சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, உன் மாமனார் நம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். நீ உடனே அந்தக் கதையை எடுத்தாய். அந்தக் காலத்தில் கூலித் தகராறு நடந்தபோது முப்பது பேர் தடியும் அரிவாளுமாகக் களத்துமேட்டுக்கு வந்தார்கள். உன் தாத்தா ஒற்றை ஆளாக எதிரே நின்றார். ஒரு குண்டுகூடச் சுடவில்லை. இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தரையில் ஓங்கி ஊன்றினார். ஊன்றிய வேகத்தில் அதன் மரக்கட்டை விரிசல் விட்டது. வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள். நன்றாகச் சொன்னாய். நீ கட்டிக்கொள்ளப் போகும் அந்தப் பெண் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெங்களூரில் புது வீட்டுக் கூடத்தில் அந்தத் துப்பாக்கியை மாட்டப் போவதாகச் சொன்னாய். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அன்று தலையாட்டியதுதான் என்னை இன்று வரை தூங்கவிடாமல் செய்கிறது.

கட்டையின் கழுத்தில், விசைக்குப் பின்னால் மெலிந்து வரும் இடத்தில், பித்தளைக் கம்பி சுற்றியிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பாய். தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா? இந்த முறை ஒப்படைத்ததைத் திரும்ப வாங்கப் போனபோது, ஈரச் சுவரில் சாத்தி வைத்து, மேலே இன்னும் நாலு துப்பாக்கியைப் போட்டிருந்தார்கள். கம்பி அவிழ்ந்து தொங்கியது. பழைய விரிசல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஏட்டையாவிடம் கேட்டதற்கு, "ஏற்கெனவே ஒடிஞ்சதுதானே சார்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வாரமே நீ போன் செய்து, "புதுசு மாதிரி பண்ணி வைங்கப்பா" என்றாய்.

சவரிமுத்து மாதா கோயிலுக்குப் பெஞ்சும் பாடற்குழுவுக்கு மேடையும் செய்துகொடுத்தவர். துப்பாக்கி வேலை அவருக்குப் புதிது. ஆனாலும் மரம் மரம்தானே என்று ஒத்துக்கொண்டார். குழலையும் விசைப் பெட்டியையும் தனியே கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டையை மட்டும் வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படி உடைந்தது என்று கேட்டார். நான் தரையில் ஊன்றிய கதையைச் சொன்னேன். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. அவர் கட்டையின் அடிப்பக்கத்தைத் தடவினார். அங்கே இருக்கும் இரும்புப் பட்டையில் ஒரு நசுங்கல் இல்லை, மூலையில் ஒரு சில்லு பெயரவில்லை. "ஊனி உடைஞ்சிருந்தா இங்கதானேங்க அடி பட்டிருக்கணும்? இது பக்கவாட்டுல பிளந்திருக்கு. குழலைப் பிடிச்சுக்கிட்டுக் கட்டையால எதையோ ஓங்கி அடிச்சிருக்காங்க" என்றார். கட்டையை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "கல்லை அடிச்சிருந்தாக் கட்டையில தழும்பு இருக்கும். அதுவும் இல்லை" என்றார். ரம்பத்தை எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

பதினைந்து நாள் அந்தப் பட்டறைக்குப் போனேன். வேலை முழுவதையும் கிட்டே இருந்து பார்த்தேன். விரிசலை அப்படியே அமுக்கி ஒட்டிவிடுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ சின்ன ஆப்பு வைத்து, அதை முதலில் முழுதாகப் பிரித்துவிட்டார். பதறிப்போய்க் கேட்டேன். "உள்ளே நாப்பது வருஷத்து எண்ணெயும் அழுக்கும் ஊறிக் கிடக்குதுங்க. அதை எடுக்காம ஒட்டினா ஒட்டாது" என்றார். பெட்ரோல் விட்டுக் கழுவினார். சாக்பீஸைப் பொடித்து அப்பி வைத்தார். மறுநாள் அந்தப் பொடி பழுப்பேறி எண்ணெயைக் குடித்திருந்தது. இப்படி நாலு தரம். அதற்கப்புறம் பசை தடவி, உள்ளே இரண்டு மர ஆணி இறக்கி, பழைய சைக்கிள் டியூபை இழுத்து இழுத்துச் சுற்றி இறுக்கினார். அங்கங்கே குழிந்திருந்த இடங்களில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தார். மரம் ஆவி குடித்து எழும்பி வந்தது. கடைசியில் ஆளிவிதை எண்ணெய். அதை மட்டும் நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளங்கை சூடேறும்வரை தேய்க்க வேண்டும். தினமும் தேய்த்தேன். "விரிசல் கோடு தெரியட்டுமா, சாயம் கொடுத்து மறைச்சிடட்டுமா?" என்று மேஸ்திரி கேட்டபோது, கல்யாண மாப்பிள்ளை மாட்டப் போகிற துப்பாக்கி என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு, மறைத்துவிடுங்கள் என்றேன். மறைத்துவிட்டார். இப்போது நீ லென்ஸ் வைத்துத் தேடினாலும் அந்தக் கோடு கிடைக்காது. வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. நடந்ததற்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சியையும் நானே காசு கொடுத்து அழித்துவிட்டேன் என்று தோன்றியது.

நடந்தது இதுதான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நம் ஊரில் சம்பா அறுப்பு. ஆட்சி மாறி, அதுவரை பேசாதவர்கள் எல்லாம் பேசத் தொடங்கியிருந்த காலம். வயலோரம் சிவப்புக் கொடிகள் நின்றன. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டார்கள். உன் தாத்தா முடியாது என்றார். வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களை இறக்கினார். நம் ஊர் ஆட்கள் வரப்பில் வரிசையாக வந்து நின்றுகொண்டார்கள். தடியும் இல்லை, அரிவாளும் இல்லை. எங்களை மீறி வயலில் இறங்கக் கூடாது என்று நின்றார்கள், அவ்வளவுதான். களத்துமேட்டில் உன் தாத்தா இல்லவே இல்லை. அவர் வீட்டில் இருந்தார். என்னிடம் துப்பாக்கியைக் கொடுத்து, "தோட்டா வேணாம். கையில இருந்தாப் போதும், ஓடிடுவானுங்க" என்று சொல்லி அனுப்பினார். நான் விறைத்துக்கொண்டு போய் நின்றேன். யாரும் ஓடவில்லை.

அவர்களில் ஒருவர் மட்டும் என்னை நோக்கி நடந்து வந்தார். காத்தமுத்து. நம் பண்ணையில் அவர் அப்பா காலத்திலிருந்து வேலை செய்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சின்னப் பிள்ளையில் வாய்க்காலில் விழுந்த என்னைத் தூக்கி விட்டவர் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். நான் அவரை வாடா, போடா என்றுதான் கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிடுவது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை, எனக்கே தோன்றவும் இல்லை. அவர் கிட்டே வந்து, "சின்னய்யா, அதைக் கீழ வைங்க. பேசிக்கலாம்" என்றார். சொல்லிக்கொண்டே குழலின் மேல் கையை வைத்து, மெதுவாகத் தாழ்த்தினார். பிடுங்கவில்லை. குழந்தை கையில் இருக்கும் கத்தியை வாங்குவது போலத்தான் செய்தார். லாரியில் வந்த பெண்களில் யாரோ சிரித்தது கேட்டது. தம்பி, நான் அடித்தது கோபத்தால் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவர் கை என் துப்பாக்கியைத் தொட்டுவிட்டது. அத்தனை பேர் பார்க்கத் தொட்டுவிட்டது. அதற்காகத்தான் அடித்தேன். குழலைப் பிடித்துக்கொண்டு, கட்டையால், வலது தோளில், இருக்கிற பலத்தை எல்லாம் சேர்த்து அடித்தேன். இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று மரம்.

அவர் வரப்பிலிருந்து சேற்றில் விழுந்தார். கத்தவில்லை. திரும்பிப் போனவர்கள் இருந்தார்கள் என்பது மட்டும் உன் கதையில் உண்மை. ஆனால் திரும்பிப் போனது நம் ஊர் ஆட்கள் இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக லாரியில் ஏறிவிட்டார்கள். அதில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துத் துப்பிவிட்டு ஏறினார். அவர்கள் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

காத்தமுத்துவை நம் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் கேட்டதற்கு, வரப்பில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாராம். போலீஸ் வரவில்லை. அவர் பயந்துபோய் அப்படிச் சொன்னார் என்று உன் தாத்தா சொன்னார். நானும் அப்படியே நம்பினேன். எலும்பு சரியாகக் கூடவில்லை. அந்தக் கை தோளுக்கு மேலே எழவே இல்லை. அடுத்த வருஷம் அறுப்பில் இடது கையால் அரிவாள் பிடித்து அவர் அறுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மற்றவர்கள் ஒரு பாத்தி முடிக்கும்போது அவர் பாதியில் இருந்தார். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். நான் வேறு பக்கம் போய்விட்டேன்.

கதையை முதலில் கட்டியது உன் தாத்தா. ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ கம்பி சுற்றிய கட்டையைப் பற்றிக் கேட்க, அவர் கூசாமல் எடுத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த வீரம் அவருக்கே போகட்டும், எனக்கு அந்த நாளே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் கல்யாணமான புதிதில் உன் அம்மாவுக்கு நானே அந்தக் கதையைச் சொன்னேன். புதுப் பெண் எதைச் சொன்னாலும் நம்பினாள். அவளோடு பேச எனக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உனக்குச் சோறு ஊட்டும்போது அவள்தான் அதை உனக்குச் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் போகும்வரை அதை நம்பிக்கொண்டே போய்விட்டாள். ஒரு நாள் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று முப்பது வருஷம் தள்ளிப் போட்டேன். தம்பி, உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லைதான். ஆனாலும் சொல்கிறேன்: அந்தப் பெண்ணிடம் உன்னைப் பெரிய ஆளாகக் காட்டுகிற எதையும் சொல்வதற்கு முன்னால் ஒரு தரம் யோசி. சொல்லியாகிவிட்டால், தப்பு என்று தெரிந்த அன்றே திருத்திவிடு. நாள் போகப் போக நாம் வாயைத் திறக்கவே முடியாமல் போகிறது. நான் அதற்குத்தான் உதாரணம்.

காலம் போயிற்று. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. அவர்கள் தெருவில் எல்லோருக்கும் பட்டா வந்தது. நான் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுத் தஞ்சாவூருக்கு வந்துவிட்டேன். உன் படிப்புக்காக என்று உன்னிடம் சொன்னேன். அதுவும் ஒரு காரணம்தான்.

போன திங்கட்கிழமை காலை வாடகைக் கார் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். துப்பாக்கியை எதற்கு எடுத்துப் போனேன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. காட்டி ஒத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அடித்த ஆளின் வாசலுக்கு அடித்த துப்பாக்கியோடு போய் நிற்கிறோமே என்று தெருமுனையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. உள்ளே இலவச டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மருமகள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "வாங்க சின்னய்யா, ஒரு நிமிஷம் இருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒரு நிமிஷம் இல்லை, பத்து நிமிஷம் ஆயிற்று. என்னைக் காக்க வைக்கிறாரே என்று எரிச்சல் வந்தது. அறுபது வயதைத் தாண்டியும், மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும், அந்தப் பழைய திமிர் எழுந்து வருகிறது பார். மருமகள் கடைக்கு ஆள் அனுப்பி ஒரு கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தாள். அந்தத் தெருவில் நான் குடித்த முதல் வாய் அதுதான்.

அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மருமகள் பின்கட்டுக்குப் போகும்வரை காத்திருந்து, வேட்டியைப் பிரித்துக் கட்டையைக் காட்டினேன். "அன்னிக்கு நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தேன். அவரைச் சொல்ல 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று தடுமாறி, எதுவும் சேர்க்காமலே பேசினேன். தப்பு என்னுடையது, நாற்பது வருஷமாக உறுத்துகிறது, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் இடது கைக் கட்டைவிரலால் கழுத்துப் பக்கம் தடவிப் பார்த்தார். "எங்க ஒடிஞ்சுதுன்னே தெரியலைங்களே" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சத்தமாப் பேசாதீங்க. எம் பிள்ளைங்களுக்கு நான் வரப்புல விழுந்ததாத்தான் தெரியும். அன்னிக்கு நின்னவங்க யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

இத்தனை வருஷமுமா என்று கேட்டேன்.

"பின்ன? பெரியவனுக்குத் தெரிஞ்சா சும்மா இருப்பானா? அன்னிக்குச் சின்னப் பய, ஆனா வளர்ந்து ஆளானப்போ அவன் கையில அரிவாள் இருந்துச்சு. உங்களை ஏதாச்சும் பண்ணிட்டு ஜெயிலுக்குப் போயிருப்பான். எனக்குக் கை போச்சு. பிள்ளையும் போவணுமா?" என்றார். பயந்துபோய்ச் சொன்ன பொய் என்று நாங்கள் நினைத்திருந்தோமே, அது இதுதான். என் உயிரையும் அதுதான் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. உன்னிடம் மட்டும் சொல்ல அனுமதி கேட்டேன். "உங்க பையன்கிட்ட சொல்றது உங்க பாடு. எம் பையன்கிட்ட வேணாம்" என்றார். ஆகையால் இந்தக் கடிதம் உன்னோடு இருக்கட்டும். அந்தப் பெண்ணிடம் சொல். உன் மாமனாரிடம் கதை பொய் என்று மட்டும் சொல், போதும்.

எழுந்து விடைபெற்றுக்கொண்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் திரும்பக் கேட்கவும் இல்லை. வாசல்வரை வந்தவர், "தம்பிக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேங்க" என்றார். ஆமாம், அடுத்த மாதம் என்றேன். அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, கொஞ்சம் சிரித்தார். "கார் நிக்கிதுன்னு சொன்னாங்க. பத்திரிகை வைக்க வந்தீங்களாக்கும்னு நினைச்சுட்டேன். அதான் சட்டையைத் தேடிப் போட நேரமாயிடுச்சு. இந்தக் கை வளையாது பாருங்க."

நம் வீட்டுக் கல்யாணம் எதற்கும் அந்தத் தெருவுக்கு யாரும் தட்டு எடுத்துக்கொண்டு போனதில்லை. சைக்கிளில் ஒரு ஆள் போய், தெருமுனையில் நின்று, மொத்தத் தெருவுக்கும் ஒரு பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வருவான். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவர்களுக்குப் பந்தி. உன் கல்யாணப் பட்டியலிலும் என் கையெழுத்தில், 'தெருவுக்கு ஒன்று' என்றுதான் எழுதியிருக்கிறது. காரில் திரும்பி வரும்போது முன் சீட்டில், பையில், இருநூறு பத்திரிகை இருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

அதனால் அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டு வா. முடிந்தால் அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வா. வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்து, தட்டோடு அவர் வீட்டுக்குப் போகலாம். முதல் பந்தியில் உட்கார வேண்டும் என்று நீயே அவரிடம் சொல்ல வேண்டும். துப்பாக்கியை மாட்டுவதா, ஸ்டேஷனிலேயே ஒப்படைத்து லைசன்ஸை முடித்துக்கொள்வதா என்று அதற்கப்புறம் நீ முடிவு செய். நேற்று அவருக்கான உறையை எடுத்து வைத்துக்கொண்டு, 'திரு' என்று போட்டு, பெயர் எழுத உட்கார்ந்தேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது. அவர் அப்பாவும் நம் வயலில்தான் உழைத்துச் செத்தார். அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. இனிஷியல் போட இடம் விட்டு வைத்திருக்கிறேன். நீ வந்து, அவரிடமே கேட்டு எழுது.